குடந்தையின் விடாக்கண்டர்கள்

1880 பிப்ரவரி 16ஆம் தேதி, திங்கட்கிழமை. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் புதிய தமிழ்ப் பண்டிதர் வேலையில் சேர்ந்தார். இருபத்தைந்து வயது நிரம்ப இன்னும் மூன்று நாள் இருந்தது. சம்பளம் மாதம் 50 ரூபாய். சொந்த ஊர் உத்தமதானபுரம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். பிள்ளை 1876இல் மறைந்த பிறகும் திருவாவடுதுறை மடத்திலேயே தங்கிப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர். பெயர் சாமிநாதையர், பின்னாளின் உ.வே.சா.

திருவாவடுதுறையிலிருந்து கும்பகோணம் ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம்தான். ஆனால் மடத்து வாழ்க்கை வேறு. கடைத்தெருவும் கோர்ட்டும் கல்லூரியும் கலந்த ஊரின் வாழ்க்கை வேறு. மடத்தில் எல்லாரும் ஒரே படிப்பில் ஊறியவர்கள். யார் என்ன கேட்பார் என்பது ஏறக்குறைய முன்பே தெரியும். கும்பகோணத்தில் அப்படி இல்லை. முன்சீப் கேட்பார், வியாபாரி கேட்பார், வக்கீல் கேட்பார். பதில் வரவில்லை என்றால் மறுபடியும் வந்து கேட்பார்கள்.

உ.வே.சா. என்ற பதிப்பாசிரியர் உருவான கதையைக் குருநாதர், மடம், ஏட்டுச்சுவடி என்ற வரிசையில் சொல்வதுதான் வழக்கம். அந்த வரிசையில் விடுபட்டுப் போகிறவர்கள், இந்தப் புது ஊரில் அவரைப் பிடித்த பிடி விடாதவர்கள். அவர்கள் இல்லையென்றால் நல்ல தமிழாசிரியர் ஒருவர் இருந்திருப்பார். பதிப்பாசிரியர் இருந்திருப்பாரா என்பது சந்தேகம்.

முதல் விடாக்கண்டர் தியாகராச செட்டியார். அதே கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்து ஓய்வுபெறும் நிலையில் இருந்தார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்களில் மூத்தவர், கண்டிப்புக்குப் பெயர்போனவர். தன் இடத்துக்கு வேறு யாரையும் அவர் நினைக்கவில்லை. மடத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகருக்கோ சாமிநாதையரை அனுப்ப மனம் இல்லை. செட்டியார் நேரில் வந்து வாதாடி அவரைச் சம்மதிக்க வைத்தார். வேலை வாங்கித் தந்ததோடு ஒதுங்கவும் இல்லை. கல்லூரிக்கு அழைத்துப் போய் உடன் இருப்பவர்களிடம் அறிமுகம் செய்து, புதியவர் காலூன்றும்வரை பார்த்துக்கொண்டார். சென்னைத் திருவட்டீசுவரன் பேட்டையில் சாமிநாதையர் பின்னாளில் குடியிருந்த வீட்டுக்குத் 'தியாகராச விலாசம்' என்று பெயர் வைத்தது இந்தச் செட்டியாரை நினைத்துத்தான்.

அந்த ஆண்டு அக்டோபரில் அரியலூரிலிருந்து மாற்றலாகி ஒரு முன்சீப் வந்தார். சேலம் இராமசாமி முதலியார். காவிரிப் படுகையில் முன்சீப் என்பவர் எல்லாருக்கும் வேண்டியவர். நிலம் இருக்கும் இடத்தில் வழக்கு இருக்கும். வாரம், குத்தகை, வரப்பு, வாய்க்கால் என்று ஆளுக்கொரு கட்டு காகிதத்தோடு கோர்ட்டு வாசலில் நிற்பார்கள். பரந்த நிலபுலம் உடைய மடங்களும் புதிதாக வரும் அதிகாரியைப் போய்ப் பார்ப்பது வழக்கம். முதலியார் தமிழ் படித்தவர் என்று கேள்விப்பட்ட தேசிகர், சாமிநாதையரையும் போய்ப் பார்க்கச் சொன்னார். அக்டோபர் 21, வியாழக்கிழமை போனார். அறுபது ஆண்டு கழித்து, ஆனந்த விகடனில் தன் சரித்திரத்தை எழுதிய காலத்திலும் அந்தத் தேதியும் கிழமையும் அவருக்கு மறக்கவில்லை.

முதலியார் உபசாரமாக எதுவும் பேசவில்லை. யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயரைச் சொன்னால் எவர் முகமும் மலரும். முதலியார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. என்னென்ன படித்தீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. சாமிநாதையர் அந்தாதிகளைச் சொன்னார், பிள்ளைத்தமிழ்களைச் சொன்னார், உலா, கோவை என்று அடுக்கினார். இவற்றால் என்ன பயன் என்று முதலியார் கேட்டுவிட்டார். புராணங்களைச் சொன்னார். அதற்கும் அசையவில்லை. கம்பராமாயணத்தைச் சொன்ன பிறகும், இன்னும் பழைய நூல் ஏதாவது உண்டா என்றே கேள்வி வந்தது. கடைசியில் முதலியாரே பெயர்களைச் சொன்னார்: சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம். சாமிநாதையர் இவற்றில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. அவருடைய ஆசிரியரும் பாடம் சொன்னதில்லை.

இன்றைக்கு இதைப் படிப்பவர் முதலியாரைக் கர்வி என்று நினைக்கலாம். அது தவறு. தமிழ் படித்தவர்களுக்குத் தமிழின் மூத்த நூல்களே தெரியாமல் இருந்த ஒரு காலத்தில், அந்தக் குறையை ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். சொன்னதோடு நிறுத்தவில்லை. அடுத்த முறை சந்தித்தபோது தான் தேடிப் பெற்றிருந்த சிந்தாமணிக் காகிதப் பிரதியைக் கையில் கொடுத்து, இதைப் படித்துப் பாருங்கள், எனக்கும் பாடம் சொல்லுங்கள் என்றார். அவரே ஏதாவது ஒரு காரணம் சொல்லி விலகியிருக்கலாம். சாமிநாதையரும் கல்லூரி வேலை இருக்கிறது என்று நழுவியிருக்கலாம். இருவரும் அப்படிச் செய்யவில்லை. ஓய்வு நாட்களில் முன்சீப் வீட்டில் பாடம் தொடங்கியது. பாடம் சொல்பவருக்கே பொருள் பிடிபடாத பாடம் அது.

சிந்தாமணி திருத்தக்கதேவர் என்னும் சமண முனிவர் செய்த காப்பியம். பதின்மூன்று இலம்பகம், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டு. அதுவரை அச்சில் வந்திருந்தது நாமகள் இலம்பகம் ஒன்று மட்டும். போவர் பாதிரியார் 1868இல் வெளியிட்டது. நச்சினார்க்கினியரின் உரை இருந்தது, ஆனால் அந்த உரை படிப்பவரைக் கைப்பிடித்து அழைத்துப் போகிற உரை அன்று. ஒரு பாட்டில் கிடக்கும் சொல்லை இன்னொரு பாட்டில் இருக்கும் சொல்லோடு கொண்டுபோய்ச் சேர்க்கும். எந்த நூலிலிருந்து என்று சொல்லாமலே மேற்கோள் தரும். சமண சமயத்துச் செய்தி வரும் இடத்தில் படிப்பவருக்கு அது தெரியும் என்று எடுத்துக்கொண்டு இரண்டு வார்த்தையில் நகர்ந்துவிடும். மடத்தில் சைவ சாத்திரத்தில் வளர்ந்தவருக்கு அந்த இரண்டு வார்த்தைதான் பெரிய மதில்.

மதிலைத் தாண்டுவதற்கு வழி அதே ஊருக்குள் இருந்தது. கும்பகோணத்தில் சமணர்கள் வாழ்கிறார்கள் என்பது விசாரித்தபோது தெரிந்தது. காவிரிப் படுகையில் அவர்கள் நெடுங்காலமாக இருக்கிறார்கள். கும்பகோணத்தில் சந்திரப்பிரபர் கோயில், தஞ்சைக் கரந்தையில் ஆதீசுவரர் கோயில், மன்னார்குடியில் மல்லிநாதர் கோயில், திருவாரூர்ப் பக்கம் தீபங்குடிக் கோயில் என்று இன்றைக்கும் வழிபாடு நடக்கும் இடங்கள் உண்டு. நெல்லும் துணியும் விற்று வாங்கி, அக்கம்பக்கத்தாரைப் போலவே தமிழ் பேசி, தெருவோடு தெருவாக இருந்தவர்கள். சைவப் படிப்பாளி ஒருவர் அந்தத் தெரு வழியே ஆயிரம் முறை நடந்திருந்தாலும் அந்த வீடுகளுக்குள் என்ன வாசிக்கப்படுகிறது என்று அறியச் சந்தர்ப்பம் இருந்திருக்காது.

சாமிநாதையர் சந்திரநாத செட்டியார் என்பவரின் வீட்டைத் தேடிப் போனார். வாசலில் மாக்கோலம், தோரணம். ஏதோ விசேஷம் நடக்கும் வீட்டுக்குள் தவறான நேரத்தில் வந்துவிட்டோமோ என்று தயங்கிக் கேட்டார். சிந்தாமணி வாசித்து வந்தோம், இன்றைக்குப் பூர்த்தியாகிறது என்று பதில் வந்தது. பொருள் தெரியாமல் அவர் தடுமாறிக்கொண்டிருந்த காப்பியம் அந்த வீட்டில் பாராயண நூல். மாதக்கணக்கில் முறையாக வாசித்து, முடிக்கும் நாளைத் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள். வீடூர் அப்பாசாமி நயினார் அங்கே உட்கார்ந்து பொருள் சொல்லிக்கொண்டிருந்தார். சாமிநாதையர் தன் சந்தேகங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர்கள் யோசிக்கக்கூட இல்லை. வீட்டில் புழங்கும் விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்கள்.

அதன்பின் சாமிநாதையர் அந்த வீட்டை விடவில்லை. கல்லூரி முடிந்ததும் போவார். ஒரு சொல்லுக்காகப் போவார், ஒரு சடங்கின் பெயருக்காகப் போவார். சமணரிடம் கேட்டதை முதலியார் வீட்டுப் பாடத்தில் சொல்வார். அங்கே எழும் புதுக் கேள்வியைச் சமணர் வீட்டுக்குக் கொண்டுபோவார். பதிப்பு வேலை பார்க்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். அகராதியில் இல்லாத பொருள் பெரும்பாலும் யாருடைய வாயிலாவது இருக்கிறது. அவர் பண்டிதராக இருக்க வேண்டும் என்பதில்லை. அவரை இருக்கும் இடத்தில் தேடிப் போய், கூச்சமில்லாமல் கேட்டு, அவர் அலுத்துக்கொள்ளும்வரை கேட்க வேண்டும். கல்லூரியில் நாற்காலியில் உட்கார்ந்து பாடம் சொல்பவர் ஒரு வியாபாரியின் வீட்டில் மாணவராக உட்கார்வது 1880களில் எளிய காரியம் அன்று. ஐயர் சமணர் வீட்டில் உட்கார்வது இன்னும் எளிதன்று.

நச்சினார்க்கினியரைப் பற்றியும் சமணரிடையே ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அவர் முதலில் எழுதிய உரையைச் சமணர்கள் ஏற்கவில்லையாம். அவர் சிற்றாமூருக்குப் போய், சமணரோடு பழகி, அவர்கள் நூல்களைக் கற்று, உரையைத் திரும்ப எழுதினாராம். நடந்ததோ இல்லையோ, சாமிநாதையருக்கு அது அந்நியமான கதையாக இருந்திருக்க முடியாது.

ஏட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொழிலின் பாதி அங்கே இருக்கிறது. பனையோலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு கிடையாது. எகரமா ஏகாரமா என்று படிப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். பாட்டு அடிபிரிக்காமல் உரைநடைபோல் ஓடும். மூலம் எங்கே முடிந்து உரை எங்கே தொடங்குகிறது என்பதும் சில இடங்களில் தெரியாது. எழுதியவர் கண் தவறி ஒரு வரியைத் தாண்டியிருப்பார். அவரைப் பார்த்து எழுதியவர் அந்த ஓட்டையை மறைக்கத் தானே ஒரு சொல்லைப் போட்டிருப்பார். ஆகவே ஒரு பிரதி போதாது. ஒருவர் ஏட்டைப் படிக்க, இன்னொருவர் கைப்பிரதியைப் பார்த்து, மூன்றாமவர் வேறுபாட்டைக் குறிக்க வேண்டும். திருமானூர்க் கிருஷ்ணையர் போன்ற மாணவர்கள் கூட இருந்து உதவினார்கள். மேற்கோள்களுக்கும் அருஞ்சொற்களுக்கும் சாமிநாதையர் குறிப்பேடுகள் வைத்துக்கொண்டார். நச்சினார்க்கினியர் பெயர் சொல்லாமல் விட்ட மேற்கோள் எந்த நூலில் இருக்கிறது என்று தேடப் போய்த்தான் பத்துப்பாட்டும் மற்றச் சங்க நூல்களும் அவர் கைக்கு வந்தன. சிந்தாமணிக்குப் பொருள் காண்பதற்காக அவிழ்த்த கட்டுகளிலிருந்து ஒரு பழைய உலகமே வெளியே வந்தது.

எல்லா விடாக்கண்டர்களும் ஆதரவாக வரவில்லை. சைவ மடத்துப் பிள்ளை சமணக் காப்பியத்தோடு என்ன செய்கிறார் என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். சிந்தாமணியைத் தொடாமலே இருந்திருக்கலாம் என்று அறிவுரை சொன்னவர்களும் உண்டு. அவர்களில் சிலர் உண்மையாகவே அவர்மேல் அக்கறை உள்ளவர்கள். அதனால் பதில் சொல்வது இன்னும் கடினம்.

வேறொரு வகை நெருக்கடி சி.வை. தாமோதரம் பிள்ளையிடமிருந்து வந்தது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டிக்காரர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளில் ஒருவர். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்றுக் கும்பகோணத்தில் வக்கீலாகக் குடியேறியிருந்தார். 1881இல் வீரசோழியத்தையும் 1883இல் இறையனார் அகப்பொருளையும் அச்சிட்டவர். பதிப்புத் துறையில் சாமிநாதையருக்கு முன்னவர், வயதில் இருபதுக்கும் மேல் மூத்தவர். சிந்தாமணியைத் தானே பதிப்பிக்க விரும்பினார். வீடு தேடி வந்தார். அச்சுச் செலவு உங்களால் தாங்க முடியாது, எனக்கு அனுபவம் இருக்கிறது, சேர்த்து வைத்திருப்பதைக் கொடுங்கள் என்று வற்புறுத்தினார். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மாதம் 50 ரூபாய் சம்பளக்காரர் இவ்வளவு பெரிய நூலை அச்சிடுவது யாருக்கும் நடக்கிற காரியமாகத் தோன்றாது. சாமிநாதையர் திண்டாடித்தான் போனார். ஆனால் கொடுக்கவில்லை.

இந்த நிகழ்ச்சியைச் சொல்லித் தாமோதரம் பிள்ளையைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. அது நியாயமில்லை. அழிந்துகொண்டிருந்த ஏடுகளைக் கண்டு தவித்தவர் அவர். சொந்தப் பணத்தைக் கொட்டி 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் கொண்டுவந்தவர். ஒரு நல்ல நூல் அச்சேறாமல் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு அவரால் பொறுத்திருக்க முடியவில்லை. அந்த அவசரம் சாமிநாதையரையும் அவசரப்படுத்தியது. இன்னொருவர் செய்யத் தயாராக நிற்கிறார் என்று தெரிந்த பிறகு, தயங்கிக்கொண்டிருக்க முடியுமா?

இராமசாமி முதலியார் முன்சீப் வேலையை விட்டுச் சென்னையில் வக்கீலாகிவிட்டார். ஊரை விட்டுப் போனாலும் பிடியை விடவில்லை. சிந்தாமணி என்ன ஆயிற்று, எப்போது அச்சுக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று ஓயாமல் தூண்டினார். பொதுவாழ்வில் அவர் மும்முரமாக இருந்த காலம் அது. 1885இல் இங்கிலாந்தில் பொதுத்தேர்தல் நடந்தபோது, இந்தியாவின் குறைகளை அங்கே மேடைகளில் எடுத்துச் சொல்ல மூன்று மாகாணங்களிலிருந்து மூவர் போனார்கள். வங்காளத்தின் மன்மோகன் கோஷ், பம்பாயின் சந்தாவர்க்கர், சென்னையின் சார்பில் இவர். அத்தனை வேலைக்கு நடுவில் கும்பகோணத்துப் பண்டிதர் ஒருவரின் ஏட்டுக்கட்டு அவர் நினைவில் இருந்தது. அச்சு வேலைக்காகச் சென்னை போனபோதெல்லாம் சாமிநாதையருக்கு அவர் ஆதரவு இருந்தது. 1887இல் சிந்தாமணி முழுவதும் நச்சினார்க்கினியர் உரையோடு வெளிவந்தது. முதலியார் 1892இல் காலமானார்.

கும்பகோணத்தில் இன்னொருவர் வாய்த்தார், கல்லூரியிலேயே. மளூர் ரங்காசாரியார். மணிமேகலையை என்ன செய்வது என்று சாமிநாதையர் விழித்துக்கொண்டிருந்தார். சமண நூல் என்றால் சந்திரநாத செட்டியார் வீடு இருக்கிறது. இதில் வரும் சமயக் கருத்தோ அவர்களுக்கும் பிடிபடவில்லை. ரங்காசாரியார் சில பகுதிகளைக் கேட்டதும் இது பௌத்தம் என்று சொல்லிவிட்டார். தமிழ்நாட்டில் அப்போது கேட்டுத் தெரிந்துகொள்ளப் பௌத்தர் வீடு எங்கே இருக்கிறது? ரங்காசாரியார் ஐரோப்பிய அறிஞர்கள் எழுதிய ஆங்கில நூல்களை வரவழைத்துப் படித்தார், படித்ததைத் தமிழில் சொன்னார், சாமிநாதையர் அதை மணிமேகலையோடு பொருத்திப் பார்த்தார். ஆங்கிலம் தெரியாத தமிழ்ப் பண்டிதரும் ஆங்கிலம் தெரிந்த வைணவ ஆசிரியரும் சேர்ந்து புத்தரைப் படித்தார்கள். 1898இல் மணிமேகலை வெளிவந்தபோது, அதோடு சேர்த்துப் படிக்கப் புத்தரின் வரலாறும் பௌத்த தருமமும் பௌத்த சங்கமும் சாமிநாதையர் எழுத்தில் தமிழில் கிடைத்தன.

1880இல் குடிவந்தவர் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகும்வரை இந்த ஊரில் இருந்தார். சிந்தாமணிக்குப் பின் பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, பிறகு மணிமேகலை. எல்லாம் கும்பகோணத்தில் இருந்துகொண்டு, பகலில் வகுப்பு நடத்திக்கொண்டு செய்தவை.

இதற்கிடையில் அவரும் விடாக்கண்டர் ஆகிவிட்டார். மற்றவர் வீட்டு வாசலில் போய் நின்று, பரணில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர். திருநெல்வேலிச் சீமைக்குப் போய்க் கவிராயர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார். ஆழ்வார்திருநகரியில் நாட்கணக்கில் கட்டுகளை அவிழ்த்துப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல், கடைசியில் இலட்சுமணக் கவிராயரின் மாமனார் வீட்டிலிருந்து பத்துப்பாட்டுப் பிரதி வந்தது. சில வீடுகளில் அவர் தாமதமாகிவிட்டார். பழைய ஏடுகளை ஆடிப் பதினெட்டில் ஆற்றோடு விடும் வழக்கம் அந்தக் காலத்தில் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகள் ஆகுதியாக நெருப்பில் போய்விட்டதை அறிந்து மனம் நொந்து எழுதியிருக்கிறார்.

பத்துப்பாட்டில் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அவரை மிகவும் வாட்டியது. தலைவியும் தோழியும் பறித்துக் குவிக்கும் மலர்களைக் கபிலர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும் இடம் அது. கிடைத்த பிரதிகளில் அந்த வரிசை நடுவில் அறுந்திருந்தது. சில பூக்களின் பெயர்கள் எங்கேயும் இல்லை. தேட வேண்டிய இடம் ஒன்று மிச்சம் இருந்தது. மாயூரத்துக்கு அருகே தருமபுர ஆதீனம். ஆனால் அந்நாளில் திருவாவடுதுறைக்கும் தருமபுரத்துக்கும் இடையே மனக்கசப்பு. திருவாவடுதுறைப் பிள்ளை என்று ஊரறிந்தவர், அந்த வாசலில் போய் ஏடு கேட்டால் என்ன நினைப்பார்கள்? போனார். தருமபுரத்தில் அவரை அன்போடு வரவேற்று, சுவடிகளைத் தாராளமாகத் திறந்துவிட்டார்கள். ஒவ்வொரு கட்டாக எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். விடுபட்ட அடிகள் அங்கே இருந்த ஏட்டில் கிடைத்தன. பள்ளிப் பிள்ளைகள் இன்று ஒரே மூச்சில் ஒப்பிக்கும் அந்தப் பூக்களின் வரிசையில் சில பெயர்கள், கேட்கத் தயங்க வேண்டிய வீட்டில் கேட்டு வாங்கப்பட்டவை.